அந்தமான் கரையை அளந்த ஆர்ச்சிபால்ட் பிளேர்

சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறும் தமிழ்க் குடும்பங்கள் மூன்றாம் நாள் கரையிறங்கும் ஊர் ஸ்ரீ விஜயபுரம். 2024 செப்டம்பர் வரை அதன் பெயர் போர்ட் பிளேர். அலை அடங்கிய அந்த நீண்ட துறைமுகத்துக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகத் தம் பெயரை ஈந்தவர் ஆர்ச்சிபால்ட் பிளேர் ஆவார். அவர் மன்னர் அல்லர். போரில் வென்று நாடு பிடித்த தளபதியும் அல்லர். கடலின் ஆழத்தையும் கரையின் வளைவையும் அளந்து தாளில் எழுதிய அளவையாளர். ஓர் அளவையாளரின் பெயர் தலைநகருக்கு வாய்ப்பது அரிது. அப்பெயர் எவ்வாறு வந்தது என்பதைக் காட்டிலும், அந்தத் தொழிலை அவர் எவ்வாறு கற்றார், அவர் வரைந்த படம் என்ன ஆயிற்று என்பனவே அறியத்தக்கவை.

இன்று இத்தொழில் வேறு பெயரால் வழங்குகிறது. ஓர் இடத்தின் கரை, ஆழம், மண், காடு, நீர்நிலை, மக்கள் குடியிருப்பு ஆகிய செய்திகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கணினியில் காட்டும் முறையைப் புவியியல் தகவல் அமைப்பு என்பர். செயற்கைக்கோளும் கணினியும் வருவதற்கு முன் அச்செய்திகளுள் ஒவ்வொன்றும் மனிதக் கண்ணாலும் கையாலும் திரட்டப்பட்டது. பிளேர் அந்தக் காலத்தவர்.

அவர் 1771ஆம் ஆண்டு பம்பாய் மெரைன் என்னும் கடற்படையில் சேர்ந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி பம்பாயில் வைத்திருந்த அப்படை, இன்றைய இந்தியக் கடற்படைக்கு முன்னோடிகளுள் ஒன்று. அங்கே நில அளவையைக் கற்பிக்கத் தனிப் பள்ளி எதுவும் இல்லை. கப்பலே பள்ளி, மூத்த அதிகாரியே ஆசிரியர். அக்காலத்தின் புகழ்பெற்ற அளவையாளர் பலரும் இவ்வாறு வேலையிலேயே தொழில் கற்றவர்கள்தாம். 1767இல் வங்காளத்தின் தலைமை அளவையாளராக அமர்த்தப்பட்ட ஜேம்ஸ் ரென்னல், பதினான்காம் வயதில் கடற்படைக்குச் சென்ற சிறுவன். கம்பெனியின் கடல் வரைபடங்களுக்குப் பிற்காலத்தில் பொறுப்பேற்ற அலெக்சாண்டர் டால்ரிம்பிள், முதலில் சென்னைக் கோட்டையில் எழுத்தராகப் பணியாற்றியவர். பட்டம் எதுவும் இன்றிப் பழக்கத்தாலேயே உயர்ந்த தலைமுறை அது. ஆனால் அந்தப் பழக்கம் எளிதன்று. கோணக் கணக்கும் விண்மீன்களின் அட்டவணையும் கைவரப் பெறாதவர் கப்பலில் மாலுமியாக இருக்கலாமேயன்றி அளவையாளராக முடியாது.

சேர்ந்த அடுத்த ஆண்டே பிளேர் இந்தியாவின் மேற்குக் கரையையும் அரபிக்கடலை அடுத்த பிற கரைகளையும் அளக்கும் பயணத்தில் இடம்பெற்றார். அப்பணியின் இயல்பை இங்கே சற்று விரிவாகக் காண்பது தகும். ஏனெனில் அவர் வாழ்நாளின் பெரும்பகுதி அதிலேயே கழிந்தது.

கரையை அளக்கும் கப்பல் விரைந்து செல்வதில்லை. கரைக்கு இணையாக மெல்ல நகரும். மேல்தளத்தில் நிற்கும் அளவையாளர் ஒரு மலை முகட்டையோ தனித்து நிற்கும் பாறையையோ குறியாகக் கொள்வார். இருக்கும் இடத்திலிருந்து அக்குறி எந்தத் திசையில் உள்ளது எனத் திசைமானியால் பார்த்து எழுதுவார். கப்பல் சில மைல் நகர்ந்தபின் அதே குறியை மீண்டும் பார்ப்பார். இரண்டு பார்வைக் கோடுகளும் தாளில் எங்கே வெட்டிக்கொள்கின்றனவோ அங்கே அந்த மலை நிற்கிறது. கப்பல் கடந்த தொலைவு பிழையாக இருந்தால் மலையும் பிழையான இடத்தில் நிற்கும். ஆகவே நண்பகலில் கதிரவனின் உயரத்தைச் செக்ஸ்டன்ட் என்னும் கருவியால் அளந்து, கப்பல் எந்த அட்சரேகையில் உள்ளது என்று சரிபார்ப்பர். தீர்க்கரேகையைக் கண்டறிவது இன்னும் கடினம். அதற்குப் பிழையின்றி ஓடும் கடிகாரம் வேண்டும். அது விலை மிகுந்தது. அது இல்லாதபோது நிலவுக்கும் ஒரு விண்மீனுக்கும் இடைப்பட்ட கோணத்தை அளந்து நீண்ட கணக்கிட வேண்டும். ஆடும் கப்பலில் நின்றுகொண்டு இதைச் செய்ய வேண்டும் என்பதை மறத்தல் ஆகாது.

ஆழம் பார்ப்பது மற்றொரு கலை. கயிற்றின் முனையில் ஈயக்குண்டைக் கட்டிக் கடலில் இறக்குவர். தமிழகக் கடற்கரையில் மீனவர் இன்றும் ஆழத்தைப் பாகம் என்னும் அளவால் சொல்வர். இரு கைகளையும் விரித்தால் கிடைக்கும் நீளமே பாகம். ஏறத்தாழ ஆறு அடி. ஆங்கிலேய மாலுமிகளின் கணக்கும் அதே கைவிரிப்பிலிருந்து பிறந்ததுதான். ஈயக்குண்டின் அடியில் உள்ள குழியில் கொழுப்பைப் பூசியிருப்பர். கடலடி மணலா, சேறா, பவளமா என்பதை அதில் ஒட்டி வருவது காட்டிவிடும். நங்கூரம் சேற்றில் பிடிக்கும், பாறையில் வழுக்கும். ஆகையால் ஆழம் மட்டும் தெரிந்தால் போதாது. அடியில் இருப்பதும் தெரிய வேண்டும். இப்படி நூற்றுக்கணக்கான முறை குண்டை இறக்கி எடுத்துக் குறித்த எண்களே கடல் வரைபடத்தில் சிறு சிறு புள்ளிகள் போலச் சிதறிக் கிடக்கின்றன. ஓர் எண் தவறினால் ஒரு கப்பல் தரைதட்டும்.

1780ஆம் ஆண்டு பிளேரின் வாழ்வில் இடையூறு நேர்ந்தது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் போரிட்டுக்கொண்டிருந்த காலம் அது. அவர் சென்ற கப்பல் பிரெஞ்சுப் போர்க்கப்பலிடம் சிக்கியது. நான்கு ஆண்டுகள் அவர் கைதியாக இருந்தார். விடுதலை பெற்றுத் திரும்பியபின் 1786இல் இந்தியப் பெருங்கடலின் நடுவிலுள்ள சாகோஸ் தீவுக்கூட்டத்தை அளக்க அனுப்பப்பட்டார். அங்குள்ள டீகோ கார்சியா தீவில் குடியேற்றம் ஒன்றை நிறுவக் கம்பெனி முயன்றது. அதே ஆண்டில் கைவிட்டது. படம் மட்டும் எஞ்சியது. அளவையாளர் செய்து முடித்த வேலை ஒன்று, அதைக் கொண்டு அரசு எடுக்கும் முடிவு வேறொன்று என்பதை அவர் அங்கேயே கண்டிருப்பார். அந்தமானில் அது இன்னும் பெரிய அளவில் நிகழவிருந்தது.

அந்தமான் தீவுகள் அக்காலக் கப்பல்களுக்கு அச்சமூட்டும் இடமாக இருந்தன. புயலில் சிக்கிக் கரையொதுங்கிய மாலுமிகள் திரும்புவதில்லை என்ற பேச்சு துறைமுகங்கள்தோறும் வழங்கியது. மறுபுறம், வங்கக்கடலின் கிழக்கில் போர்க்கப்பல்கள் புயல் காலத்தில் ஒதுங்கி நிற்கப் பாதுகாப்பான துறைமுகம் ஒன்று வேண்டும் என்று கம்பெனி விரும்பியது. சென்னையிலோ சோழமண்டலக் கரையிலோ அத்தகைய இயற்கைத் துறைமுகம் இல்லை. வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கினால் சென்னைக்கு எதிரே நங்கூரமிட்ட கப்பல்கள் எல்லாம் ஆழ்கடலுக்கு ஓட வேண்டிய நிலை. அந்தமானை முன்னரே, 1771இல், ஜான் ரிச்சி என்பவர் ஓரளவு அளந்திருந்தார். இன்றைய ஸ்வராஜ் தீவும் ஷஹீத் தீவும் அடங்கிய தீவுக்கூட்டம் அவர் பெயரால் ரிச்சி தீவுக்கூட்டம் எனப்படுகிறது. ஆயினும் துறைமுகம் அமைக்கும் அளவுக்குத் தெளிவான படம் இல்லை. அதை ஆக்கித்தரும் பொறுப்பைத் தலைமை ஆளுநர் காரன்வாலிஸ் பிரபு, லெஃப்டினன்ட் பிளேரிடம் ஒப்படைத்தார்.

1788 டிசம்பரில் எலிசபெத், வைப்பர் என்னும் இரண்டு கப்பல்களுடன் பிளேர் கல்கத்தாவிலிருந்து புறப்பட்டார். காலம் நன்கு தேர்ந்தெடுக்கப்பட்டது. டிசம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடையில்தான் அந்தமான் கடல் அமைதியாக இருக்கும். மே வந்துவிட்டால் தென்மேற்குப் பருவமழை வானையும் கரையையும் மறைத்துவிடும். அந்த நான்கு மாதங்களுக்குள் அவர் பெரிய அந்தமானின் கரைகளைச் சுற்றிவந்தார். மேற்குக் கரையில் பவளத்திட்டுகள் மிகுதி; கப்பலை அருகே கொண்டு செல்ல இயலாத இடங்களில் படகை இறக்கி ஆழம் பார்த்தனர். தீவின் மக்கள் சில இடங்களில் கொடுத்த பொருள்களை ஏற்றுக்கொண்டனர். சில இடங்களில் அம்பெய்து தடுத்தனர். தம் கரையில் முன்பின் அறியாதவர் படகு வந்து நீரை அளந்து செல்வதை அவர்கள் விரும்பாததில் வியப்பில்லை.

தென் அந்தமானின் கிழக்குக் கரையில் அவர் எதிர்பார்த்தது கிடைத்தது. வாயில் ஒரு சிறுதீவு காவல் நிற்க, உள்ளே வளைந்து நெளிந்து செல்லும் நீர்ப்பரப்பு, போதிய ஆழம், நங்கூரம் பிடிக்கும் அடிநிலம், மூன்று புறமும் காற்றைத் தடுக்கும் குன்றுகள். அதற்குப் போர்ட் காரன்வாலிஸ் என்று பெயரிட்டார். ஆம், இன்றைய தலைநகரின் துறைமுகத்துக்கு முதலில் அமைந்த பெயர் போர்ட் பிளேர் அன்று. அவர் வந்த சிறிய கப்பலின் பெயரை மட்டும் அத்துறைமுகத்தின் உட்பகுதியிலுள்ள வைப்பர் தீவு இன்றும் தாங்கி நிற்கிறது. அப்பெயருக்குப் பாம்பைக் காரணமாகச் சொல்வாரும் உளர்.

1789 ஏப்ரலில் கல்கத்தா திரும்பிய பிளேர், படங்களோடு விரிவான அறிக்கையையும் அளித்தார். கரையும் ஆழமும் மட்டுமன்றி, நன்னீர் எங்கே கிடைக்கும், எந்த மரம் கட்டுமானத்துக்கு ஆகும், மண் எப்படிப்பட்டது, கரையில் வாழும் மக்கள் எத்தகையோர் என்பனவற்றையும் அவர் நோக்கினார். இன்றைய புவியியல் தகவல் அமைப்பில் அடுக்குகள் என்று சொல்லப்படுவன இவையே. ஒரே இடத்தைப் பற்றிய பலவகைச் செய்திகளை ஒருங்கே வைத்துப் பார்த்தால்தான் அங்கே ஊர் அமைக்கலாமா என்று முடிவு செய்ய முடியும். கணினி இல்லாமல் பிளேர் அந்த வேலையைத் தாளில் செய்தார்.

அறிக்கையைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. 1789 செப்டம்பரில் துறைமுகத்துக்குள் அமைந்த சாத்தம் தீவில் குடியேற்றம் தொடங்கியது. அளந்தவரே அதன் தலைவராகவும் அமர்த்தப்பட்டார். இன்று மரம் அறுக்கும் ஆலைக்காக அறியப்படும் சாத்தம், பாலம் கடந்து நடந்தே சென்றுவிடக்கூடிய சிறிய தீவு. அங்கிருந்து காட்டை வெட்டித் தோட்டமிட்டு ஊரைப் பெருக்குவது திட்டம். வங்காளத்திலிருந்து கைவினைஞரும் கூலியாட்களும் வந்தனர். பின்னர்க் கைதிகளும் அனுப்பப்பட்டனர். ராபர்ட் கோல்புரூக் என்னும் மற்றோர் அளவையாளரும் இத்தீவுகளில் பணியாற்றினார். அவர் தீவின் மொழியில் சில சொற்களைக் கேட்டு எழுதி வைத்தார். அளவையாளரின் ஏட்டில் இவ்வாறு மொழியும் இடம்பெற்றமை நன்மையாயிற்று. அச்சொற்கள் ஜாரவா மொழியைச் சேர்ந்தவை என்று பிற்கால அறிஞர் கண்டனர்.

குடியேற்றம் நன்றாகவே வளர்ந்தது. அப்போது வந்தது வேறொரு முடிவு. தலைமை ஆளுநரின் உடன்பிறந்தாரான கமடோர் வில்லியம் காரன்வாலிஸ், கடற்படைக் கண்ணோட்டத்தில் இத்தீவுகளைப் பார்த்தார். வடக்கு அந்தமானின் வடகிழக்கில் இன்னும் பெரிய துறைமுகம் ஒன்று இருந்தது. பெரும் போர்க்கப்பற்படை நிற்க அதுவே ஏற்றது என அவர் கருதினார். 1792இல் குடியேற்றம் முழுவதும் அங்கே மாற்றப்பட்டது. போர்ட் காரன்வாலிஸ் என்னும் பெயரும் கூடவே வடக்கே சென்றது. அடுத்த ஆண்டு மேஜர் அலெக்சாண்டர் கிட் பொறுப்பேற்றார்.

ஆழமும் பரப்பும் கொண்டு பார்த்தால் அந்த முடிவில் குறையில்லை. ஆனால் கப்பல்கள் நிற்பதற்குரிய இடமெல்லாம் மனிதர் வாழ்வதற்குரிய இடம் ஆகிவிடாது. புதிய இடத்தில் காய்ச்சல் பரவியது. மழைக்காலம்தோறும் நோயாளர் பெருகினர், பலர் மாண்டனர். காய்ச்சலைக் கெட்ட காற்றின் விளைவு என்று எண்ணிய காலம் அது. மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதை ரொனால்டு ராஸ் செகந்திராபாதில் கண்டறிந்தது 1897இல்தான். சதுப்பும் தேங்கிய நீரும் எங்கே உள்ளன என்பதைப் படத்தில் குறிக்க முடிந்தாலும், அவை என்ன செய்யும் என்பதை அறிந்தவர் அன்று எவரும் இலர். 1796 மே மாதம் கம்பெனி குடியேற்றத்தைக் கைவிட்டது. கைதிகள் பினாங்குக்கும் மற்றவர் வங்காளத்துக்கும் கொண்டுசெல்லப்பட்டனர். சாத்தம் தீவில் வெட்டப்பட்ட காடு மீண்டும் முளைத்து மூடிக்கொண்டது.

பிளேர் அந்தமானில் ஊர் அமைத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் சென்னையில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. மைக்கேல் டாப்பிங் என்னும் அளவையாளர் சோழமண்டலக் கரையை அளந்துவந்தார். 1792இல் எழுந்த சென்னை வானாய்வகத்துக்கும் அவரே காரணர். எத்தனை மைல் அளந்தாலும் தம்மோடு வேலை முடிந்துவிடும், அடுத்து அளக்க ஆள் வேண்டும் என்பதை உணர்ந்த டாப்பிங், 1794இல் புனித ஜார்ஜ் கோட்டையில் நில அளவைப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். முதலில் சேர்ந்தவர் எட்டு மாணவர். அவர்கள் ஆதரவற்றோர் இல்லத்துச் சிறுவர். பிளேர் கடலில் இருபது ஆண்டுகளாகக் கற்றதைச் சிறுவர்க்கு வகுப்பறையில் கற்பிக்க முடியும் என்பது அன்று புதிய எண்ணம். டாப்பிங் 1796 ஜனவரியில் மசூலிப்பட்டினத்தில் காய்ச்சலால் மறைந்தார். பள்ளி மறையவில்லை. அதுவே வளர்ந்து கிண்டிப் பொறியியல் கல்லூரி ஆயிற்று. இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமாக விளங்குகிறது. அங்கே புவித்தகவலியல் தனிப் பாடப்பிரிவாகவே கற்பிக்கப்படுகிறது.

பிளேர் பின்னர் இங்கிலாந்து திரும்பி 1815இல் காலமானார். தாம் அளந்த துறைமுகம் காடாகிக் கிடந்ததை அறிந்தே அவர் மறைந்தார். அது தம் பெயரைப் பெறும் என்பதை அறிய அவருக்கு வாய்ப்பில்லை.

குடியேற்றம் கைவிடப்பட்டு அறுபது ஆண்டுகள் கழிந்தன. 1857ஆம் ஆண்டுப் பெரும் எழுச்சிக்குப்பின், சிறைப்பட்டவர்களை நாடுகடத்த ஆங்கில அரசு இடம் தேடியது. மருத்துவர் மௌவாட் தலைமையில் ஒரு குழு அந்தமானுக்கு வந்தது. பிளேர் முதலில் தேர்ந்தெடுத்த தென் துறைமுகமே ஏற்றது என்று அக்குழு கண்டது. வடக்கே வேறொரு போர்ட் காரன்வாலிஸ் இருந்ததால், குழப்பம் நீங்க இதற்குப் போர்ட் பிளேர் எனப் பெயர் சூட்டப்பட்டது. 1858 மார்ச் 10ஆம் நாள் 200 கைதிகளுடன் கப்பல் வந்து சேர்ந்தது. அவர்களுள் பெரும்பாலோர் அந்நிய ஆட்சியை எதிர்த்ததால் தண்டிக்கப்பட்டவர்கள். பிளேர் புகலிடமாக அளந்த நீர்நிலை சிறைச்சாலையாயிற்று.

தீவின் பழங்குடி மக்களுக்கு அந்த வரைபடம் இன்னும் பெரிய இழப்பின் தொடக்கமாயிற்று. 1858இல் 5,000 பேருக்கு மேல் இருந்திருக்கலாம் என மதிப்பிடப்படும் பெரிய அந்தமானியர், குடியேறிகளோடு வந்த நோய்களால் பெருமளவில் மாண்டனர். இன்று எஞ்சியிருப்போர் ஏறத்தாழ 50 பேர். அவர்களும் தம் கரைகளை அறிந்தவர்களே. எந்த ஓடையில் எப்போது நீர் ஓடும், எந்தத் திட்டில் எப்போது ஆமை ஏறும் என்பதெல்லாம் அவர்கள் நினைவில் இருந்தது. அந்த அறிவைக் கேட்டு எழுதியவர் மிகச் சிலர்.

1880இல் போர்ட் பிளேரில் அலை ஏற்றவற்றத்தை இடைவிடாது குறிக்கும் அளவி நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டு இறுதியில் கார் நிகோபார் அருகே நிகழ்ந்த நிலநடுக்கத்தால் எழுந்த சிறு சுனாமியை அது தாளில் வரைந்து காட்டியது. கடல் மட்டத்தை நாள்தோறும் எழுதி வைப்பது ஏன் தேவை என்பது 2004 டிசம்பர் 26 அன்று எல்லோருக்கும் விளங்கியது. அன்றைய நிலநடுக்கம் அலையை எழுப்பியதோடு நில்லாமல் நிலத்தையே இடம் பெயர்த்தது. தென்கோடியில் இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. அங்கிருந்த கலங்கரை விளக்கத்தின் அடி கடலுக்குள் சென்றது. பிளேர் அளந்த வடமேற்குக் கரையோ உயர்ந்தது. இண்டர்வியூ தீவைச் சூழ்ந்த பவளம் நீருக்கு மேல் வந்து வெளுத்து இறந்தது. தலைநகரை ஒட்டிய சிப்பிகாட்டில் நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்ததால் நெல் விளைந்த வயல்களில் உப்புநீர் புகுந்து தங்கிவிட்டது. ஒரே நாளில் பழைய எண்கள் பல பிழையாயின. துறைமுகங்களின் ஆழத்தையும் கரையின் கோட்டையும் மீண்டும் அளக்க வேண்டியதாயிற்று.

அந்த வேலையை இன்று செய்வோர் யார்? கடலடியைக் கடற்படையின் நீரளவைக் கப்பல்கள் அளக்கின்றன. ஈயக்குண்டுக்கு மாறாக ஒலி அலைகளை அனுப்பி, அவை திரும்பும் நேரத்தைக் கொண்டு ஆழத்தைக் கணிக்கின்றன. அவ்வரைபடங்களை வெளியிடும் தேசிய நீரளவை அலுவலகம் டேராடூனில் உள்ளது. நிலத்தை அளக்கும் இந்திய நில அளவைத் துறையின் தலைமையகமும் அங்கேதான். 1767இல் தொடங்கிய அத்துறை நாட்டின் மிகப் பழைய அறிவியல் துறைகளுள் ஒன்று. செயற்கைக்கோள் படங்களை ஹைதராபாதிலுள்ள தேசிய தொலை உணர்வு மையம் பெற்று வழங்குகிறது. அலையாத்திக் காடு எவ்வளவு அழிந்தது, எங்கே மீண்டும் தளிர்க்கிறது என்று வனத்துறையினர் அப்படங்களைக் கொண்டே கணக்கிடுகின்றனர்.

இத்துறைக்குள் நுழையப் பல வாயில்கள் உண்டு. எல்லா வாயிலும் பெரிய கல்லூரியில் இல்லை. பத்தாம் வகுப்புக்குப்பின் தொழிற்பயிற்சி நிலையத்தில் சர்வேயர் பிரிவில் இரண்டு ஆண்டுகள் பயின்றவர், நிலத்தில் இறங்கிக் கருவியைப் பிடிக்கத் தகுதி பெறுகிறார். பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் இயற்பியலும் பயின்றவர் பொறியியலில் புவித்தகவலியலை எடுக்கலாம். கலைப்பிரிவில் புவியியல் பயின்று பட்டம் பெற்றவரும் மேற்படிப்பில் இதே துறைக்கு வரலாம். பொறியியல் பயிலாததால் கதவு மூடிவிட்டது என எண்ணுவது தவறு. திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் தொலை உணர்வுக்கெனத் தனித்துறை இருக்கிறது. 1966 முதல் டேராடூனில் இயங்கும் இந்தியத் தொலை உணர்வு நிறுவனம், பணியில் இருப்போர்க்கும் பட்டதாரிகளுக்கும் பயிற்சி தருகிறது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் வளாகம் அந்தமானிலேயே, தலைநகரை அடுத்த புரூக்ஷாபாதில் உள்ளது. அங்கே கடலியலும் கடலோரப் பேரிடர் மேலாண்மையும் முதுகலைப் பாடங்கள். அவற்றைக் கற்பவர் அளந்து பழகும் கடல், பிளேர் ஆழம் பார்த்த அதே கடல்தான்.

கணினியில் படம் வரையும் மென்பொருளைச் சில மாதங்களில் பழகிவிடலாம். விலையின்றிக் கிடைக்கும் கியூஜிஐஎஸ் போன்ற மென்பொருளைப் பள்ளி மாணவரும் இயக்க முடியும். ஆனால் படத்தில் காணும் பச்சை நிறம் அலையாத்தியா, பாக்குத் தோட்டமா என்று வேறுபடுத்திச் சொல்ல மென்பொருளால் மட்டும் எல்லா நேரங்களிலும் இயல்வதில்லை. அதற்கு அந்த இடத்தை அறிந்த கண் வேண்டும். தீவில் பிறந்து வளர்ந்த பிள்ளை சேற்றில் கால்வைத்தே அதை அறிந்திருக்கும். ஆகவே இன்றும் படத்தில் கண்டதை நேரில் சென்று சரிபார்க்கும் வழக்கம் உண்டு. அதற்குக் கள ஆய்வு என்று பெயர். வெயிலும் அட்டையும் நிறைந்த அந்த வேலைக்கு விரும்பி வருவோர் குறைவு. அலுவலக அறையில் அமர்ந்து வரைவோர் மிகுதி.

அந்தமான் நிகோபார் தீவுக்கூட்டத்தில் தீவுகளும் சிறுதீவுகளும் பாறைத்திட்டுகளுமாக 836 உள்ளன. அவற்றுள் மக்கள் வாழ்வன நாற்பதுக்கும் குறைவு. மற்றவற்றின் கரைக்கோடுகள் ஒவ்வொரு புயலுக்குப் பின்னும் சிறிது சிறிதாக மாறுகின்றன. துறைமுகத்தின் அலை அளவி இப்போது தாளில் கோடு வரைவதில்லை. கடல் மட்டம் ஏறுவதையும் இறங்குவதையும் அளந்து செயற்கைக்கோள் வழியாக ஹைதராபாதிலுள்ள சுனாமி முன்னெச்சரிக்கை மையத்துக்கு அனுப்புகிறது. 2007 முதல் இயங்கும் அந்த மையத்தில் இரவும் பகலும் ஆட்கள் முறைவைத்து அமர்ந்து அந்த எண்களைப் பார்த்துக்கொண்டிருக்கின்றனர்.